நூற்றில் ஒரு பங்கு

வானம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் என் வேலை, மேடம். ஜவ்வாது மலையில் தொலைநோக்கி வைத்திருக்கும் நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். மேகம் இல்லையென்றால் தொலைநோக்கிக்கு மேலே உள்ள கூண்டைத் திறப்பேன், தூறல் விழுந்தால் மூடுவேன். பெரிய படிப்பெல்லாம் இல்லை. படித்தவர்கள் பக்கத்திலேயே இருந்ததில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். என் அலமாரியில் நீங்கள் எடுத்த இரண்டு சின்ன பாட்டில்களைப் பற்றி ஸ்டேஷனில் எழுதித் தரச் சொன்னீர்கள். முதல் பாட்டிலிலிருந்து தொடங்குகிறேன்.

ஆராய்ச்சிக்கு வருகிறவர்களில் எனக்குப் பிடித்தவர் காஷிஃபா. வாணியம்பாடிப் பெண். வேறு சூரியன்களைச் சுற்றும் கிரகங்களைத் தேடுகிறார். அவர் சொல்வதைக் கேட்டால் தலை சுற்றும். ஒரு கிரகத்தில் இரும்பு மழையாகப் பெய்கிறதாம். இன்னொன்றில் ஒரு வருடம் நம்முடைய ஒரு நாளுக்குள் முடிந்துவிடுமாம். நேரில் பார்த்தீர்களா என்று ஒருமுறை கேட்டேன்.

"கெரகத்த யாருண்ணா பாத்தா?" என்று சிரித்தார். "அது நட்சத்திரத்துக்கு குறுக்க போவும்போது வெளிச்சம் நூத்துல ஒரு பங்கு கொறயும். அத வச்சித்தான் கண்டுபுடிக்கிறோம். தாண்டிப் போய்ட்டா வெளிச்சம் பழயபடி வந்துடும்."

அந்தக் கிரகங்கள் எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம், அங்கே யாரும் போக முடியாது என்பதுதான். எவ்வளவு ஆசைப்பட்டாலும் இங்கேயே உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். என் மகன் நவீன்குமாருக்கும் அந்த ஆசை வரட்டும் என்று என்னென்னவோ செய்து பார்த்தேன். அவனுக்குப் போர் விமானம்தான். எப்போதாவது ஒன்று எங்கள் மலைக்கு மேலே வானத்தைக் கிழித்துக்கொண்டு போகும். சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து ஓடிவிடுவான். சத்தத்தை வைத்தே ஒற்றை இன்ஜினா, இரட்டை இன்ஜினா என்று சொல்லுவான். கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை, மேடம்.

போன வருடம் விமானப்படைப் பரீட்சையிலும் இன்டர்வியூவிலும் தேறிவிட்டான். பெங்களூரில் மெடிக்கல் மட்டும் பாக்கி. கடிதம் வந்த நாளிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. பஸ் நிற்கும் இடம் வரை நடப்பேன், திரும்பி வருவேன். பூட்டிய கூண்டை மறுபடி போய்ப் பார்ப்பேன். விமானம் விழுந்த செய்தி பேப்பரில் வந்தால் வெட்டி வைத்துக்கொள்வேன். அவனிடம் காட்டினேன். "வுழுந்தா சீட்டோட வெளிய வந்துடலாம்பா" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விமானம் ஓட்டுகிறவனுக்குக் கண் முழுசாக இருக்க வேண்டுமாம். போர்டில் கடைசி வரியைப் படிக்கத் தடுமாறினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒரே ஒரு வரி. அதுவும் கொஞ்ச நாளைக்கு. காஷிஃபா சொன்ன நட்சத்திரம் போலத் திரும்ப வெளிச்சம் வந்துவிடும் என்று நினைத்தேன். நிலையத்தில் அவனுக்கு ஒரு வேலைக்கும் சொல்லி வைத்திருந்தேன்.

பிள்ளையார் சதுர்த்திக்கு ஒரு வாரம் கழித்து மெடிக்கல். வருடா வருடம் மாலை கட்ட எருக்கம்பூ பறித்து வருவது அவன்தான். காம்பை ஒடித்தால் பால் வடியும். அந்தக் கையால் கண்ணைத் தொடாதே என்று எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூடச் சொல்லி வளர்ப்பார்கள். அந்த வருடமும் என் மனைவி ஈஸ்வரி அனுப்பினாள், அவன் ஒரு பை நிறையக் கொண்டுவந்தான். பூவை எடுத்துக்கொண்டு காம்பை முறத்தில் போட்டார்கள். முறத்தை நான் எடுத்துப் போனேன்.

விமானப் புத்தகங்களாகப் படித்துப் படித்து அவன் கண் சிவந்திருந்தது. சொட்டு மருந்து போட்டுவிடுவது எப்போதும் நான்தான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு என் மடியில் தலை வைத்துப் படுத்தான்.

"எரியுதாடா?"

"இல்லப்பா. ஜில்லுனு கீது."

எனக்கு நிம்மதியாக இருந்தது. பிள்ளைக்கு வலி கொடுக்கிற ஆள் நான் இல்லை.

மறுநாள் காலையில் வாசலில் நின்று, பனி இறங்கியிருக்கிறதா என்று கேட்டான். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. ஆமாம், மேகம் இறங்கியிருக்கிறது என்றேன். வானத்தைப் பற்றி நான் தப்பாகச் சொன்னது என் சர்வீசில் அந்த ஒரு தடவைதான். மெடிக்கலுக்குள் தெளிந்துவிடுமோ என்ற பயத்தில் அன்றும் போட்டேன், அதற்கு மறுநாளும் போட்டேன். அங்கேதான் கொஞ்சம் கூடிப்போயிற்று.

வேலூர் ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் இருந்தோம். இரண்டு கருவிழியும் வெளுத்துவிட்டன. எருக்கம்பால் பட்டதா என்று டாக்டர் கேட்டதும் ஈஸ்வரி தலையில் அடித்துக்கொண்டாள். "நாந்தான அனுப்பனேன். எம்புள்ள கண்ண நானே அவிச்சிட்டேன்." நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இந்த வருடம் அவள் பிள்ளையாருக்கு மாலை போடவில்லை. பூ பறித்த கை ஒரு தடவை படும், மூன்று நாள் இரண்டு கண்ணிலும் படாது என்று டாக்டர் உங்களிடம் சொன்னாராம். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். மருந்தில் கலந்து போட்டது நான்தான்.

இப்போது அவன் என் பக்கத்திலேயே இருக்கிறான். இரும்பு மழை கிரகத்தைப் பற்றிச் சொன்னால் எழுந்து போகாமல் கேட்கிறான். வீடு அமைதியாகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மலைக்கு மேலே அந்தச் சத்தம் வந்தது. பிசைந்த சோற்றை விட்டுவிட்டு எழுந்தான். நிலைப்படியில் முட்டிக்கொண்டு வாசலுக்குப் போனான். அது போன திசையிலேயே முகத்தைத் திருப்பினான்.

"ரெட்ட இன்ஜின்பா. சுகோய்."

ஒரு வருடம் கழித்து அன்றுதான் சிரித்தான். எனக்கு மறுபடியும் இருப்புக்கொள்ளாமல் போய்விட்டது. பஸ் நிற்கும் இடம் வரை நடந்தேன், திரும்பி வந்தேன்.

இரண்டாவது பாட்டில் கண்ணுக்கு இல்லை, மேடம். காதுக்கு. அதை இன்னும் போடவில்லை. நூற்றில் ஒரு பங்கு குறைந்தால் போதும் என்றுதான் வைத்திருந்தேன்.