சரியான நம்பர் உள்ள ஒரே பிரதி

ஃபாதர், எங்கள் தொழிலில் ஏழெட்டு வார்த்தை தெரிந்திருந்தால் போதும், பிழைத்துக்கொள்ளலாம். லேஅவுட், ப்ரூஃப், பிளேட், சென்டர் பின், இப்படி. மீதி நேரமெல்லாம் டீதான். அன்று உங்கள் அறையில் நான் பேசப் பேச, இந்த வார்த்தைகள் தாங்காமல் நீங்கள் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்தீர்கள். கடைசியில், "ஆண்டனி, எனக்கு ஒண்ணும் வெளங்கல. உன் தங்கச்சிக்கு இத்தன வருசமா ஏன் கல்யாணம் ஆகல, அத மட்டும் ஒளிக்காம எழுதிக் கொண்டா" என்றீர்கள். எழுதுகிறேன். வார்த்தைகளை வருகிற இடத்தில் விளக்கிவிடுகிறேன்.

கிறிஸ்தவ வரன்களுக்கென்று வரும் எங்கள் 'கானா மணமாலை' மாத இதழை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதற்கு ஆசிரியன் நான், டைப் அடிப்பவன் நான், விளம்பரம் பிடிப்பவன் நான், கட்டுத் தூக்கித் தபாலில் சேர்ப்பவனும் நான். முதல் பக்கத்தில் 'ஆசிரியர் குழு' என்று கம்பீரமாகப் போட்டிருக்கும். குழு என்பது நானும் ஜெசிந்தாவும். அம்மாவும் அப்பாவும் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர், இரண்டு பேருக்கும் கல்யாணமாகவில்லை. கல்யாணப் புத்தகம் போடுகிற வீட்டிலேயே இந்தக் கதியா என்று கேட்டு நாகல் நகரில் சிரிக்காத ஆளில்லை. முதல் ஆளாக நான்தான் சிரிப்பேன். "தங்கச்சியக் கரையேத்தாம அண்ணங்காரன் எப்படிப்பா கட்டுறது" என்பேன். அந்தப் பதிலால் எனக்கு ஊரில் நல்ல பெயர் இருந்தது.

ஜெசிந்தாவின் வேலை ப்ரூஃப். அச்சுக்குப் போகும் முன் பக்கத்தைத் தாளில் எடுத்துப் பிழை பார்ப்பது. சிவப்புப் பேனாவை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரனின் போன் நம்பரையும் ஜெபம் சொல்வதுபோல வாய்விட்டுப் படிப்பாள். "ஒரு எண்ணு தப்புச்சுன்னா ஒரு ஆளோட வாழ்க்கைண்ணே" என்பாள். அவளுடைய விளம்பரமும் பதினான்காம் பக்கத்தில் மாதாமாதம் வரும். படம் கிடையாது, பெயர், வயது, படிப்பு, போன் நம்பர். அதையும் கூச்சப்படாமல் படித்து, பக்கத்தின் கீழே 'ஓகே' எழுதிக் கையெழுத்துப் போடுவாள். ஓகே போட்ட பக்கத்தை அதற்குப் பிறகு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எங்கள் தொழிலே அந்த நம்பிக்கையில்தான் ஓடுகிறது.

முதல் வருடம் விளம்பரம் சரியான நம்பரோடுதான் வந்தது. அதைச் சொல்லிவிட வேண்டும். ஒரு குடும்பம் பெண் பார்க்க வந்தது. ஒரு தட்டு முறுக்கையும் தின்று முடித்துவிட்டு, "பொண்ணுக்குக் குளிருல இளைப்பு வருமாமே" என்று கேட்டுப் போனார்கள். மறுநாள் காலையிலேயே ஜெசிந்தா அதை மறந்து, அந்தம்மா முறுக்கு கடித்ததை நடித்துக் காட்டிச் சிரித்தாள். எனக்குத்தான் ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

அடுத்து நடந்தது வெறும் தவறு. ஜெசிந்தா ஓகே போட்ட பிறகு கரண்டு போய், சேமிக்காத பதினான்காம் பக்கத்தைக் கம்ப்யூட்டர் விழுங்கிவிட்டது. பிரஸ்ஸில் பிளேட் போட, அதாவது பக்கத்தை அச்சுத் தகட்டில் ஏற்ற, காத்திருந்தார்கள். அவசரத்தில் மறுபடி அடித்தேன். அவள் நம்பரில் ஒரு எண் மாறிவிட்டது. அச்சாகி வந்த பிறகுதான் பார்த்தேன்.

அவளிடம் சொல்லியிருக்கலாம். மனசு உடைந்துபோவாள் என்று தோன்றியது. எங்கள் புத்தகம் நடுவில் இரண்டு பின் அடித்தது. அதுதான் சென்டர் பின். பின்னை நிமிர்த்தினால் ஒரு தாள் தனியாகக் கழன்று வரும். அந்த ஒரு தாளைச் சரியான நம்பரோடு லேசர் பிரிண்ட் எடுத்து, உள்ளே செருகி, பின்னை மடக்கி, அந்தப் பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோனேன். மற்றதெல்லாம் பிரஸ்ஸிலிருந்தே கட்டுக்கட்டாகத் தபாலுக்கும் கடைகளுக்கும் போய்விட்டது. வீட்டில் சரியாக இருக்கிற புத்தகத்தை வெளியில் வாங்கிச் சரிபார்ப்பவர் யார்.

அந்த மாதம் எங்கள் வீட்டில் ஒரு வரன் பேச்சும் இல்லை. சாயங்காலம் இரண்டு பேரும் டிவி பார்த்தோம். அவள் வெங்காயம் உரித்தாள், நான் பூண்டு உரித்தேன். இவ்வளவு நிம்மதியை நான் பார்த்ததே இல்லை.

மாத முடிவில் அய்யலூரிலிருந்து ஒரு ஆட்டு வியாபாரி இதழின் நம்பரைத் தேடிப்பிடித்து என்னைக் கூப்பிட்டார். மாறிப்போன அந்த நம்பர் அவருடையது. "யோவ், சந்தையில நிக்கவிட மாட்றாங்கய்யா. ஒருத்தன் மாப்பிள்ளைக்கு அப்பாங்கிறான், ஒருத்தன் மாமாங்கிறான். எங்கிட்ட கெடாதான்யா இருக்கு, பொண்ணு இல்ல" என்றார். பாவமாகத்தான் இருந்தது. ஒரு சம்பந்தமும் இல்லாத மனிதரை நாம் ஏன் தொந்தரவு செய்ய வேண்டும். அவரை உத்தேசித்து நானே ஒரு சிம் வாங்கினேன், பட்டன் போன் ஒன்றில் போட்டேன். அடுத்த மாதம் ஜெசிந்தா ஓகே போட்ட பிறகு, பதினான்காம் பக்கத்தில் அந்தப் புது நம்பரை அடித்தேன். ஆட்டுக்காரருக்கு அத்தோடு விடுதலை.

அதற்குப் பிறகு மாதாமாதம் அப்படித்தான். ஆயிரத்துச் சொச்சம் பிரதிகளில் என் நம்பர். அவள் கைக்கு வரும் ஒரே பிரதியில் அவள் நம்பர்.

கூப்பிட்டவர்களிடம் நான் பெண்ணின் சித்தப்பா. குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வேன், அவ்வளவுதான். "முடிஞ்சிருச்சுங்களே" என்பேன். பிறகும் ஏன் விளம்பரம் வருகிறது என்று கேட்டால், "அந்தப் பத்திரிகைக்காரன் ஒரு அரைவேக்காடுங்க, சொன்னா எடுக்க மாட்டேங்கிறான்" என்று என்னை நானே வைவேன். அதை மட்டும் மனதாரச் சொன்னேன்.

இதழ் வெளியான நாளிலிருந்து ஜெசிந்தா தன் போனைச் சத்தம் கூட்டி வைத்துக்கொண்டு திரிவாள். மாவாட்டும்போதும் பக்கத்தில் இருக்கும். சில நாள், "அண்ணே, போன் கெட்டுப்போச்சோ என்னமோ, ஒரு அடி அடிச்சுப் பாரேன்" என்பாள். என் போனிலிருந்து கூப்பிடுவேன். அவளுடையது நன்றாகவே அடிக்கும். "நல்லாத்தான் இருக்கு" என்று வைத்துவிட்டுப் போவாள். எனக்குக் கஷ்டமாக இருக்கும். அன்றைக்கு அவளுக்குப் பிடித்த பிரியாணி வாங்கிவந்துவிடுவேன்.

இப்படி ஒன்பது வருடம் போனபோது செபஸ்தியான் கூப்பிட்டார். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் சூப்பர்வைசர். ஏன் இவ்வளவு தாமதம் என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன். "தங்கச்சிக மூணு பேருங்க. கடைசியக் கட்டிக் குடுத்துட்டு நிமிந்து பாத்தா, தலையில பாதி முடியக் காணோம்" என்றார். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சித்தப்பாக்கள் அப்படிச் சிரிக்கக் கூடாது. அவரை எனக்கு அப்போதே பிடித்துப்போனது. முடிந்துவிட்டது என்று சொன்னேன். மறு மாதமும் விளம்பரத்தைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். அதற்கடுத்த மாதமும். நான் எடுக்காமல் விட்டிருக்கலாம். அவரோடு பேசுவது நன்றாக இருந்தது. பெண்ணுக்கு இளைப்பு உண்டு என்று ஒருநாள் பயமுறுத்திப் பார்த்தேன். "மில்லுல பஞ்சுத் தூசி, எனக்கே இருக்குங்க. ரெண்டு பேரும் ஒரே டாக்டரப் பாத்துக்கலாம்" என்றார். அப்படிப்பட்ட மனிதர், ஒரு நாள், "நேர்ல வந்து கேட்டுர்றேன் சித்தப்பா, வீடு எங்கன்னு சொல்லுங்க" என்றார்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஜெசிந்தா இறந்துவிட்டாள் என்று சொன்னேன். காய்ச்சல் என்றேன்.

அவர் போனை வைத்துவிட்டார். இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டு, அவள் ஆன்மாவுக்குத் தன் ஊர்க் கோயிலில் ஒரு பூசை வைத்திருப்பதாகச் சொன்னார். உயிரோடு இருப்பவர்களுக்கு வைத்தாலும் பூசை பூசைதானே ஃபாதர், வீணாகாது என்று நினைக்கிறேன். அன்று மத்தியானம் ஜெசிந்தா நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். நன்றாக இருந்தது.

ஆனால் அதிலிருந்து எனக்கு அசைய வழியில்லாமல் போனது. விளம்பரத்தை நிறுத்தினால் ஜெசிந்தா ஏன் என்பாள். நிறுத்தாவிட்டால், இறந்த பெண் மாதாமாதம் மாப்பிள்ளை தேடிக்கொண்டிருப்பாள். நான் நிறுத்தவில்லை. செபஸ்தியான் அதைப் பார்த்துப் பொறுக்காமல் போன மாதம் எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

நான் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்தேன். முன்மேசையில் ஜெசிந்தா. வந்தவர் கையிலிருந்த இதழை மேசையில் வைத்தார்.

"ஏங்க, மனுசங்கதானா நீங்க? செத்துப்போன பிள்ளையோட விளம்பரத்த இன்னும் எத்தன மாசம் போடுவீக? அவுக சித்தப்பா பாத்தா மனசு என்ன பாடுபடும்?"

குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. பேசுவதற்கு நான் வாயைத் திறந்தால் அவருக்கும் தெரிந்துவிடும். ஜெசிந்தா, "அண்ணே, இங்க செத்த வா" என்று கூப்பிட்டாள். பல்வலி என்று கன்னத்தைக் காட்டி, கையை ஆட்டினேன்.

"யாருங்க செத்தது?" என்றாள் அவரிடம்.

"பதினாலாம் பக்கம் பாருங்க. ஜெசிந்தா."

"ஜெசிந்தா நாந்தான். நல்லாத்தான இருக்கேன்."

அவர் அவளைப் பார்த்தார். அவள் பக்கத்தைப் பார்த்தாள். வழக்கப்படி நம்பரை வாய்விட்டுப் படித்தாள். பாதியில் நிறுத்தினாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"பேரு, வயசு, படிப்பு எல்லாம் என்னோடது. நம்பர் என்னோடது இல்ல" என்றாள். "இந்த நம்பருக்கு ஒரு அடி அடிங்க."

அவர் அடித்தார். என் மேசை டிராயருக்குள் பட்டன் போன் அதிர்ந்தது. தகரமேசை, சத்தம் அதிகம். இரண்டு பேரும் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்கள். அதை அணைத்திருக்கலாம், வெளியே தூக்கிப் போட்டிருக்கலாம். கை தானாகப் போனை எடுத்தது. குரல் தானாகத் தாழ்ந்தது.

"சொல்லுங்க, பொண்ணோட சித்தப்பாதான் பேசுறேன்" என்றேன்.

பத்தடி தூரம்கூட இருக்காது.

செபஸ்தியான் போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஜெசிந்தா இதழை மடக்கி எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவளாக உள்ளே வந்தாள்.

"எத்தன பேருண்ணே கூப்ட்டாக?"

"கணக்கு வெக்கலம்மா. நல்ல வரன்னு சொல்ற மாதிரி ரொம்ப இல்ல."

"நான் செத்துப்போனது எந்த மாசம்?"

சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டாள். "அந்த மாசம் ஒனக்குச் சட்ட தச்சுக் குடுத்தேன்" என்றாள்.

எனக்காக இதைச் செய்ததாக வெளியில் பேசுகிறார்கள். எனக்கு என்ன லாபம்? நானும்தான் கட்டிக்கொள்ளவில்லை. அவளுக்கு இளைப்பு வந்தால் எந்தப் பக்கம் சாய்த்து உட்கார வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். டீயில் இஞ்சி எவ்வளவு என்று தெரியும். இதையெல்லாம் ஒரு அந்நியருக்கு டைப் அடித்தா கொடுக்க முடியும்? இந்த மாத ப்ரூஃப் எல்லாம் மேசையில் அப்படியே கிடக்கிறது. நான் படித்தால் பிழை கண்ணில் படுவதில்லை.

அவள் இப்போது சிஸ்டர்கள் விடுதியில் இருக்கிறாள். செபஸ்தியானின் தங்கைகள் மூன்று பேரும் வந்து பேசி முடித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். மூன்று ஞாயிறு வாசிக்கும் கல்யாண ஓலையில் முதலாவதைப் போன ஞாயிறு பூசையில் வாசித்தீர்கள். கடைசி பெஞ்சில் இருந்தேன். வேடசந்தூர் செபஸ்தியானுக்கும் நாகல் நகர் ஜெசிந்தாவுக்கும் நடக்கவிருக்கும் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று முடித்தீர்கள். கோயிலில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. இரண்டாம் ஓலைக்கு முன் இதை உங்கள் கையில் சேர்ப்பது அதற்காகத்தான்.

எனக்கு ஒரு தடை தெரியும், ஃபாதர். ஜெசிந்தாவுக்கு இந்தக் கல்யாணத்தில் விருப்பமில்லை. நீங்கள் கேட்டால் சம்மதம் என்றுதான் சொல்லுவாள், சிரித்துக்கொண்டேகூடச் சொல்லுவாள். அதனால் அவளைக் கேட்க வேண்டாம், என்னைக் கேளுங்கள். இத்தனை வருடமும் அவளுக்காகப் பேசியவன் நான்தான்.