அந்தோனியாருக்குக் குடுத்த வாய்

இறுக்குது தங்கச்சி! மெதுவா, மெதுவா... இது மனுஷர் போடுற உடுப்பா, இல்ல லொறி டியூபா? இதுக்குள்ள என்னை ஏத்துறதுக்கு நீங்க படுற பாட்டப் பாத்தா எனக்கே பாவமா இருக்கு. சே சே, உங்கள ஒண்ணும் சொல்லல்ல. ஆஸிகா தானே பேரு? நீங்க டைவிங் படிச்சுக் குடுக்க வந்த புள்ள, உங்க வேலைய செய்றீங்க. நான் சொல்றது அந்தா, நீச்சல் தடாகத்துக்கு அடியில கல்லு மாதிரி தாண்டு கெடக்குறாரே, அவரத்தான். எங்க வீட்டுக்காரரு. கிறகரி.

கடுகண்ணாவை வளைவுல பஸ் திரும்பினாலே தேசிக்காய மூக்குல வச்சிக்கிட்டு கண்ண மூடிக்கிற மனுஷன் தங்கச்சி! கல்யாணம் முடிச்ச புதுசில கண்டி வாவியில போட்டுல ஒரு சுத்து போவோமான்னு ஆசையா கேட்டேன். 'தண்ணியெல்லாம் கரையில நின்னு பாக்கத்தான் றோஸ்'னாரு. அந்த ஆளு, அம்பது வயசு தாண்டினப்புறம், ஆபிஸ்ல யாரோ ஒரு புண்ணியவான் போன்ல ஆமை நீந்துற வீடியோ காட்டினான்னு, முதுகுல சிலிண்டர கட்டிக்கிட்டு கடலுக்கு அடியில போறாரு! வீட்டுல கேஸ் சிலிண்டர் முடிஞ்சா தூக்க மாட்டாரு. இடுப்பு வலியாம்.

போன வருஷம்... கைய தூக்கவா? இந்தாங்க. போன வருஷம் பெரஹரா லீவு. ஊர்வலம் பாக்க உலகமே கண்டிக்கு வருது, நாங்க மட்டும் மூட்டைய கட்டிக்கிட்டு நிலாவெளிக் கடற்கரைக்குப் போறோம். 'உனக்கும் ஒரு மாற்றமா இருக்கும்'னாரு. என்ன மாற்றம்! அம்பிட்டி வீட்டுல தனியா சமைச்சிக்கிட்டு இருந்தேன், நிலாவெளியில தனியா கதிரையில குந்திக்கிட்டு இருந்தேன். விடியப் போறவரு மூஞ்சில மாஸ்க் அச்சோட பகல் வருவாரு, தின்பாரு, படுப்பாரு. பக்கத்துல ரெண்டு வெள்ளைக்காரிங்க, அவங்க புருஷமாரும் இதே கூத்துதான். ஆனா அவங்க பாட்டுக்கு புத்தகம் படிச்சாங்க. எனக்கு கதைக்க ஒரு ஆளில்ல. நான் ஆசையா செஞ்சி கொண்டு போன சீனி சம்பல காக்காதான் தின்னிச்சி.

அப்ப நான் சும்மா இருந்தேனா? டீச்சர் வேலை தங்கச்சி, கத்திப் பழகுன வாய். உப்புக்காத்து பிசுபிசுன்னு ஒட்டுதுன்னு சொன்னேன், ரூம் ஃபேன் சத்தம் போடுதுன்னு சொன்னேன், உங்களக் கட்டிக்கிட்டு நான் என்ன சுகத்தக் கண்டேன்னு சொன்னேன். அது வழமையா சொல்றதுதான். கடைசி நாள் அவருக்குப் பொறுக்க ஏலல்ல. 'சரி, நீயும் போட்டுல வா'ன்னு புறாமலைத் தீவுக்குக் கூட்டிக்கிட்டுப் போனாரு.

அங்கதான் எல்லாம் பிழையாப் போச்சு.

பின்பக்கமா விழுறாங்க தங்கச்சி! போட்டு விளிம்புல இருந்து, முதுக காட்டிக்கிட்டு, தொப்புன்னு! கொஞ்ச நேரம் குமிழி வந்திச்சி. அப்புறம் அதுவும் இல்ல. நானும் போட்டுக்கார முனாப்பும் மட்டும். அவரு பாட்டுக்கு வெத்தில போடுறாரு, நான் தண்ணியப் பாக்குறேன். அப்புறம் ஒரு தல மேல வந்திச்சி, இன்னொரு தல வந்திச்சி, கூடப் போன எல்லாரும் வந்து ஏறிட்டாங்க. இவரக் காணல்ல. 'கிறகரி எங்க?'ன்னு கேட்டா ஒருத்தன் முகத்த ஒருத்தன் பாக்குறான். காலையில கூட அந்த மனுஷன ஏசிட்டுத்தானே வந்தேன்? கடைசியா நான் சொன்னது ஃபேன் சத்தமான்னு நெனச்சேன்.

நேத்தின்னா தெரியும் தானே? நீங்க நேர்ச்சைன்னு சொல்வீங்களே, அதுதான். நான் அந்தோனியாரக் கூப்பிட்டேன். ஆனா அவருக்கு என்ன குடுக்குறது? செவ்வாக்கிழம மரக்கறி மட்டும் திங்கிறது மகனோட ஸ்கூல் சோதனைக்குக் குடுத்தாச்சு. மெழுகுதிரி மாமியாரோட ஒப்பரேஷனுக்குக் குடுத்தாச்சு. மிச்சம் இருந்தது இந்த வாய் ஒண்ணுதான். 'அந்தோனியாரே, இந்த மனுஷன உசுரோட ஏத்தி விடுங்க, இனிமே அவருகிட்ட வாயத் தொறந்து ஒரு குறை சொல்ல மாட்டேன்'னு சொல்லிட்டேன்.

சொல்லி வாய மூடல்ல தங்கச்சி, பாறைக்கு அந்தப் பக்கத்தால இன்னொரு போட்டு வருது. அதுல இவரு. காலத் தொங்கப் போட்டுக்கிட்டு அன்னாசித் துண்டு தின்னுக்கிட்டு! ஆமைக்குப் பின்னால போயி வழி மாறி, அந்தப் பக்கம் எழும்பிட்டாராம்.

எனக்கு எப்பிடி வந்திருக்கும்? வாயத் தொறந்தேன்... தொறந்ததும் ஞாபகம் வந்திச்சி. தொறந்த வாயால என்ன செய்ய? 'ஆமையப் பாத்தீங்களா?'ன்னு கேட்டேன். அந்த மனுஷனுக்கு கண்ணு கலங்கிப் போச்சு. 'றோஸ், நீ இப்பிடி எங்கிட்ட ஒண்ணு கேட்டதே இல்ல'ங்குறாரு!

அன்னையில இருந்து பிடிச்சது. ராச் சாப்பாட்டுக்கு என்ன மீன் சமைச்சாலும் அதோட குடும்ப வரலாறு சொல்றாரு. சொந்தக்காரங்க வீட்டுக்கெல்லாம் போயி, 'கடல் காத்து பட்டு றோஸ் மாறிட்டா'ன்னு சொல்றாரு. நேத்தி விசயம் அவருக்குத் தெரியாது. சொல்லலாந்தான். சொன்னா, 'அப்ப இந்த ஒரு வருஷமா நீ சந்தோஷமா இருக்கல்லியா?'ன்னு கேப்பாரே! அந்த மூஞ்சியப் பாக்க என்னால ஏலாது. நேத்திக்கு ஒரு தவணை வச்சிருக்கணும், ஆறு மாசம், ஒரு வருஷம்னு. பதட்டத்துல மறந்துட்டேன். பாதர் லூக்காஸ்கிட்ட போயி அவுத்து விடச் சொல்லிக் கேட்டேன். விழுந்து விழுந்து சிரிச்சிட்டு, 'நல்ல நேத்தி, இன்னும் கொஞ்ச நாளைக்கு இருக்கட்டும்'னாரு.

இப்ப கலியாண வெள்ளி விழா வருது. ஒரு தங்கச் சங்கிலி, ஒரு பட்டுச் சாரி, ஒண்ணும் வேணாம், ஒரு கேக்? இல்ல. 'நீயும் டைவ் பண்ண ஆசப்படுறேன்னு எனக்குத் தெரியும் றோஸ்'னு சொல்லி உங்ககிட்ட பேரப் பதிஞ்சிட்டு வந்து நிக்கிறாரு. இந்தத் தண்ணியில பழகிட்டு அப்புறம் கடலுக்காம். இல்லன்னு சொன்னா குறை சொன்னதா ஆயிரும். 'ரொம்ப சந்தோஷங்க'ன்னு சொன்னேன். நானே சொன்னேன் தங்கச்சி, இந்த வாயால!

அதுக்குத்தான் உங்ககிட்ட இவ்வளவும் கொட்டுறேன். நேத்தி அவருகிட்ட மட்டுந்தானே? கொஞ்சம் கிட்ட வாங்க. அவரு மேல வந்ததும் சொல்லிருங்க, 'இந்த அம்மாவுக்கு காது சரியில்ல, இறக்கக் கூடாது'ன்னு. நீங்க சொன்னா கேப்பாரு. நான் ஒண்ணும் சொன்னதா ஆகாது. செய்வீங்க தானே? ஆ... செய்வீங்க. நல்லா இருப்பீங்க புள்ள. அப்பாடா. இத கழட்டுங்க முதல்ல.

என்ன?

...அவரு கடல்ல இறங்கும்போது நான் போட்டுல இருந்துக்கிட்டாப் போதுமா? போன தடவ மாதிரி?

அந்த... அந்த போட்டுலயா.

இல்ல, கொஞ்சம் பொறுங்க. கழட்டாதீங்க. மேல இருந்துக்கிட்டு அந்த தண்ணிய இன்னொரு தடவ என்னால பாக்க ஏலாது தங்கச்சி. குமிழி வருதா வருதான்னு... ஏலாது. செத்தாலும் ஏலாது. கீழ இருந்தா கண்ணு முன்னுக்காவது இருப்பாரு. எங்க போறாருன்னாவது தெரியும்.

சரி. அந்த வாய்ல வைக்கிறத குடுங்க. இதத்தான் கடிக்கிறதா? கடிச்சிட்டா கதைக்க ஏலாது, சரி, அது பரவாயில்ல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். கீழ போனதும் அவரு கைய நான் பிடிச்சிக்கலாம் தானே? நல்லா நசுக்கிப் பிடிச்சா, கொஞ்சம் நகமும் பட்டா... அது குறை சொன்னதா ஆகாது தானே?