கரிமூட்டத்தின் மேல் ஈரப்பாசி

பாசி அறுக்கக் காலை நேரம்தான் நல்லது. வெயில் ஏறுவதற்கு முன் கத்தியைக் கிடையாகச் செருகினால் அடிமண்ணோடு சேர்ந்து ரொட்டித் துண்டு போல எழும்பி வரும். ஐன் திராஹம் மலையில் டாக்டரம்மாவுக்குப் பல வருஷம் அப்படித்தான் அறுத்துக் கொடுத்தேன். ரம்தான் செத்ததைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன், ஐயா. ஆனால் பாசியைச் சொல்லாமல் அவனைச் சொல்ல முடியாது.

டாக்டரம்மா வசீலா ஒவ்வொரு வசந்தத்திலும் தலைநகர் துனிஸிலிருந்து வருவார். பாசியிலும் மண்ணிலும் வாழும் சிற்றுண்ணிகளைத் தேடி ஆராய்கிறவர். வெறும் கண்ணுக்கு அவை தூசிதான். தகரப் புனலில் சல்லடை வைத்து, அதில் பாசியைப் பரப்பி, மேலே குண்டு பல்பை எரியவிடுவோம். சூடு தாங்காமல் அவை ஈரம் தேடிக் கீழே இறங்கும். அடியில் இருக்கும் ஸ்பிரிட் புட்டியில் விழும். புட்டிகளில் இடத்தின் பெயரை எழுத ஆள் வேண்டும் என்று டாக்டரம்மாதான் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். பூதக்கண்ணாடியில் பார்க்கவும் விட்டார். ஒன்று கடுகு போலப் பளபளக்கும். ஒன்று தொட்டதும் தலையை மடக்கி டப்பா மாதிரி மூடிக்கொள்ளும். ஒன்றுக்குத் தோளில் இறக்கை போல மடிப்பு. அதற்குள் கால்களை ஒளித்துக்கொள்ளும். இந்தப் பாறையில் இருப்பது அந்த மரத்தடியில் இருக்காது. இலை மட்கி மண்ணாவதற்கு இவையெல்லாம் வேண்டும். மெதுவாகப் பெருகுகிறவை, சுரண்டிவிட்ட இடத்துக்கு எல்லாம் திரும்பி வர ஒரு மனுஷனின் ஆயுசு ஆகலாம் என்றார்.

பெரிய ஓக் மரத்துக்கு வடக்கே உள்ள சரிவில் இருந்த உண்ணி ஒன்றை வேறெங்கும் பார்த்ததில்லை என்றார். அடுத்த வருஷம் வரும்வரை அந்தச் சரிவை என்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அதுவரை யாரும் என்னை நம்பி எதையும் விட்டுப்போனதில்லை.

ரம்தான் என் மனைவி மப்ரூக்காவின் தம்பி. கரிமூட்டம் போடுகிறவன். விறகை அடுக்கி, பாசியும் மண்ணும் போர்த்தி, உள்ளே புகைய விடும் தொழில். அந்தக் குளிர்காலத்தில் வடக்குச் சரிவின் கீழ்ப்பாதியை உரித்துத் தன் மூட்டத்துக்குப் போர்த்தியிருந்தான்.

"வேற எடமே கெடைக்கலையாடா உனக்கு?" என்று போய்க் கேட்டேன்.

"அங்கதான் மச்சான் நல்லா தடியா இருக்கு. ஏன், உன் பேனுங்க கோச்சுக்கிச்சா?"

"அத என்னைப் பாத்துக்கச் சொல்லியிருக்காங்க."

"காசு குடுக்கிறது அந்தம்மா, சோறு போடுறது எங்கக்கா. யாரு பக்கம் நிக்கிறதுன்னு யோசிச்சுக்க."

சிரித்தான். ரொட்டியைப் பிய்த்து ஹரிசா மிளகாய் விழுதில் தோய்த்து எனக்கும் நீட்டினான். "சாப்புடு மச்சான். அடுத்த மூட்டத்துக்கு மேல்பாதி. அதோட விட்டுர்றேன்."

வாங்கிச் சாப்பிட்டேன். நல்ல காரம்.

மூட்டத்தின் மேல் ஏறும் கரிக்காரர்கள் பாசியைப் பார்த்துத்தான் கால் வைப்பார்கள். பச்சையாக ஈரமாக இருந்தால் அடியில் விறகு வேகவில்லை, ஆளைத் தாங்கும். பழுத்திருந்தால் உள்ளே வெந்து வெறும் கூடாகிவிட்டது, ஆள் ஏறினால் இடியும்.

மறுநாள் விடியும்போதே ரம்தான் மாவு வாங்கக் கீழே சந்தைக்குப் போனான். மூட்டத்தை என்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான். பக்கவாட்டில் இருந்த காற்றுத்துளையைப் பெரிதாக்கி உள்ளே நெருப்பை வளரவிட்டேன். மதியத்துக்குள் உச்சியில் ஒருபுறம் உள்ளே வெந்து வெறும் கூடாகி, மேலே மெல்லிய ஓடு மட்டும் நின்றது. துளையை அடைத்துவிட்டு, பழுத்த பாசியை நீளக் கழியால் இழுத்துத் தள்ளி, அங்கே ஈரப்பாசியைப் பரப்பினேன். அனலில் அது சீக்கிரம் வாடியது. அவன் வரத் தாமதமானதால், வாட வாட மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

வந்ததும், உச்சிக்கு அந்தப் பக்கம் புகை கசிகிறது என்றேன். ஏணியைச் சாய்த்து ஏறினான்.

"பரவால்லையே மச்சான். நல்லாத்தான் பாத்துக்கிட்டிருக்கே" என்றான்.

பச்சையில் கால் வைத்தான். சத்தம் அதிக நேரம் கேட்கவில்லை. நான் அவனைத் தொடவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஊரில் விபத்து என்றார்கள். மப்ரூக்கா என் கைக் கொப்புளங்களுக்கு ஆலிவ் எண்ணெய் தடவிவிட்டாள். தம்பியை வெளியே இழுக்கப் பார்த்ததில் வந்தவை என்று நினைத்தாள். அவை கழி பிடித்ததில் வந்தவை. அவளுக்கு ஆறுதலாக இருந்ததால் அப்படியே நினைக்க விட்டேன்.

இந்த வசந்தத்தில் டாக்டரம்மா வந்தார். சரிவு முழுக்க வெறும் செம்மண். குனிந்து கையால் தடவிப் பார்த்தார்.

"மேல வரைக்குமாப்பா எடுத்துட்டாங்க?"

"ரம்தான் எடுத்தான்மா" என்றேன்.

அந்தப் பொய்தான் என்னைத் தூங்க விடவில்லை. அதைத் திருத்தவே வந்தேன். அவ்வளவு தடித்த ஈரப்பாசி பக்கத்தில் வேறெங்கும் இல்லை, ஐயா. மேல்பாதி முழுவதையும் அன்று நான்தான் அறுத்தேன். அவனிடமிருந்து அதைக் காப்பாற்ற எனக்கு வேறு வழி தெரியவில்லை.