இடுப்பில் ஏறாத குழந்தை

நோயாளிகளிடம் நான் குரலை உயர்த்தியதே இல்லை. வெளியே காத்திருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அந்தப் பெண் தையல் கடை வைத்திருந்தாள். கீழ்முதுகில் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்தியது. இடது காலில் கட்டைவிரல்வரை வலி. இரண்டு வயது மகள் எந்நேரமும் அவள் இடுப்பில்தான் இருப்பாள். அறுவை சிகிச்சை சுத்தமாக நடந்தது. ரத்தம்கூட அதிகம் போகவில்லை.

ஆறு வாரம் கழித்து மாமியார் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வலி அப்படியே இருந்தது. புது ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டினேன். அந்தப் படம் இப்போது, என்னை விசாரிக்கும் உங்கள் மேசைமேல் இருக்கிறது. முதுகெலும்புகளைக் கீழிருந்து எண்ண வேண்டும். நான் ஒன்று தவறாக எண்ணியிருந்தேன். பிதுங்கிய டிஸ்க் அப்படியே கிடந்தது. அதற்கு மேலிருந்த நல்ல டிஸ்க்கை வெட்டியிருந்தேன்.

"குனிஞ்சு எதையாவது தூக்கினீங்களாம்மா?"

எல்லோரிடமும் கேட்கும் கேள்விதான்.

அவள் தரையைப் பார்த்தாள். "ஒரே ஒரு தடவை, டாக்டர். பாப்பா ரொம்ப அழுதுச்சு."

"படிச்சுப் படிச்சுச் சொன்னாரே, காதுல வாங்கினியா?" என்றாள் மாமியார். "ஊர்ல இவ ஒருத்திதான் பிள்ளை பெத்தவ."

"திட்டாதீங்க. தாய் மனசு அப்படித்தான்" என்றேன். டிஸ்க் மறுபடி பிதுங்கியிருப்பதாகக் கோப்பில் எழுதினேன்.

இரண்டாம் அறுவை சிகிச்சையில் மூன்று தடவை எண்ணினேன். மறுநாளே வலியில்லாமல் நடந்தாள். "என் தப்பால உங்களுக்கு எவ்வளவு சிரமம்" என்று கண் கலங்கினாள்.

ஆறு மாதத்தில் முழுசாகத் தேறிவிட்டாள். "இனிமே பாப்பாவைத் தூக்கலாமா, டாக்டர்?" என்று கேட்டாள்.

தூக்கலாம். எந்தத் தடையும் இல்லை. ஆனால் தினமும் தூக்கி, ஒன்றும் ஆகவில்லை என்றால், அன்று ஒரே ஒரு தடவையில் மட்டும் எப்படி ஆனது என்று யோசிப்பாள். அளவு எடுத்துப் பழகிய பெண். கணக்கு உதைத்தால் விடமாட்டாள்.

"வேண்டாம்மா. எப்பவுமே வேண்டாம்."

வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வருகிறார்கள். குழந்தைக்கு ஐந்து வயதாகிவிட்டது. அம்மாவிடம் கை நீட்டுவதில்லை. போன மாதம், அம்மா உடை மாற்றத் திரைக்குப் பின்னால் போனபோது, என்னிடம் மெதுவாகச் சொன்னாள்:

"என்னைத் தூக்கித்தான் அம்மாவுக்கு முதுகு போச்சு, டாக்டர் மாமா."

அவளைத் தூக்கி மேசைமேல் உட்கார வைத்தேன். அதிலே யாருடைய தப்பும் இல்லை என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன்.