மாரிக்குப் பூட்டின றூலோட்

இரும், பெனடிக்ற். குறுக்கை கதையாதையும். நான் ஒழுங்கு மாறாமல்தான் சொல்லுவன். முதலாவது, ஜெனீவாப் பேரணிக்கு நான் எழுதின துண்டுப்பிரசுரத்தை நீளமெண்டு பாதியாய் வெட்டினீர். இரண்டாவது, சங்கக் கூட்டத்திலை நான் பேசிக்கொண்டிருக்கேக்கை மைக்கை நிப்பாட்டினீர். கரண்ட் போனதோ? மைக்குக்கு மட்டும் போற கரண்டோ? மூண்டாவது, இந்த றூலோட். பேரணிக்குப் போற சனம் படுத்தெழும்பட்டுமெண்டு சங்கம் வாங்கின வீடு, காருக்குப் பின்னாலை கொழுவி இழுக்கிறது. மாரிகாலத்துக்கு இந்தத் தோடம்பழத் தோட்டத்திலை விடுவமெண்டு நான் சொல்ல, பூட்டின்ரை மற்றத் திறப்பு செயலாளரான உம்மட்டை இருக்கோணுமெண்டு நிண்டு வாங்கினீர். ஏன்? அதைத்தான் இண்டைக்குக் கேக்கிறன்.

ஓம், சாட்சியோடைதான். விக்னராஜா, இராசம்மா அக்கா, கிட்ட வாங்கோ.

ஐப்பசியிலை பூட்டினது நான். குழாய்த் தண்ணியை வடிச்சு, காஸ் சிலிண்டரைக் கழட்டி, மெத்தையளை நிமித்திச் சாத்தி, ஈரம் இழுக்க மூலையிலை ஒரு சட்டி உப்பும் வைச்சன். நேற்று வந்து திறக்கிறன், ஒரு மெத்தை படுக்கையிலை கிடக்கு. யன்னல் சீலை விலத்தியிருக்கு. நிலம் கூட்டியிருக்கு. இஞ்சித் தேத்தண்ணி மணம் வேறை.

கள்ளனோ? நல்ல கதை. கள்ளன் செருப்பைக் கழட்டி வைச்சிட்டோ உள்ளை ஏறுவான்? வாசல் சேத்தைப் பாரும், சோடியாய் அச்சு, மழையிலை கரைஞ்சும் கிடக்கு. இத்தாலிக்காரனுமில்லை, எங்கடை ஆள்தான். ஒரு சாமானும் எடுக்கேல்லை. வாறார், யன்னலடியிலை இருந்து தேத்தண்ணி குடிக்கிறார், மரத்தைப் பாக்கிறார், போறார். வீட்டிலை நிம்மதி இல்லாத ஆள்தானே அப்பிடிச் செய்யும்? சிரியாதையும். நீரும் ரதியும் பிடிக்கிற சண்டை பல்லரோச் சந்தை முழுக்கக் கேக்குது.

என்ரை திறப்போ? அது எங்கடை வீட்டு ஆணியிலை தொங்குது. வீட்டிலை என்ரை மனுசி ஞானாம்பிகையைத் தவிர ஆர்? அவ பாவம், இந்த மாரி தொடங்கினதிலையிருந்து ஞாயிறிலையும் இத்தாலிக்காரச் சிஞ்ஞோரா வீட்டை வேலையெண்டு ஓடுறா. வந்தாப்போலை நாலு நாட்டு நடப்பைச் சொல்லுவமெண்டால், தலையிடியெண்டு படுத்திடுவா.

இந்தா பாருங்கோ, தட்டிலை கவிட்டு வைச்ச எவர்சில்வர் பேணி. எங்கடை சனத்தின்ரை புத்தி! ஒளிச்சு வந்து குடிக்கிற பேணியிலையும் அடியிலை பேர் வெட்டிக் கிடக்கு. நேற்று கண்ணாடி கொண்டுவரேல்லை. சாட்சியில்லாமல் தொடவுமில்லை. எனக்கு விசாரணை முறை தெரியும், தம்பி.

உம்மடை ரதியின்ரை பேரெண்டால் இண்டைக்கே திறப்பை வைச்சிட்டுப் போகோணும். வேறை பேரெண்டாலோ? சரி, வேறை பேரெண்டால் நான் என்ரை திறப்பை வைக்கிறன். பொறுப்பையும் விடுறன். போதுமோ?

விக்னராஜா, உந்தப் போன் வெளிச்சத்தைப் பிடியும். புள்ளி புள்ளியாய் வெட்டினது, மெல்லத்தான் வாசிக்கோணும். இராசம்மா அக்கா, வடிவாய்க் கேளுங்கோ. பேந்து நான் மாத்தி வாசிச்சனெண்டு இவர் கதை கட்டக்கூடாது.

ஞா... னா...

ஞானாம்பிகை.