வரைபடத்தில் இல்லாத பின்தெரு

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெருமகனார் அவர்களே, முன்வரிசையை முழுதாய்ப் பிடித்துக்கொண்ட பிரமுகர்களே, வெயிலில் வாடி நிற்கும் பெரியோர்களே, நாற்காலி கிடைக்காத தாய்மார்களே, வணக்கம்!

நன்றி சொல்ல அழைத்தீர்கள். யாருக்குச் சொல்வது? திட்டம் தீட்டியவர்களுக்கா? எட்டு வருடம் தீட்டினார்கள். ஊரைச் சுற்றிப் போகவேண்டிய புறவழிச்சாலையை ஊருக்குள்ளேயே தீட்டினார்கள்! அந்த அறிவுக்கு ஒரு மாலை போதுமா? அண்ணே, சிரிக்காதீர்கள், தலைவர் நம்மைத்தான் பார்க்கிறார்.

அளவெடுக்க வந்த பொறியாளர், பின்தெருவில் ஒரு தையல்கார அம்மாவின் அடுப்படிச் சுவரில் சிவப்புக் கோடு போட்டார்.

"என்ன சார் இது?"

"ரோடு வருதும்மா. வரைபடத்துல இங்க தெருவே இல்ல, வெறும் தரிசுதான்."

"அப்படியா? அப்ப நீங்க இப்ப யார் வீட்டு நிழல்ல நிக்கிறீங்க?"

பொறியாளர் நல்ல மனிதர். அந்தத் தெருவின் பதினொரு வீட்டையும் பார்த்துவிட்டுக் கோட்டைத் தெற்கே தள்ளினார். தெற்கே என்ன இருந்தது? தலைவருடைய மைத்துனரின் செங்கல் சூளை! மறுவாரமே கோடு குடுகுடுவென அடுப்படிக்கே திரும்பி வந்தது. கோட்டுக்குக் கால் முளைத்ததா? கார் அனுப்பி அழைத்தார்களா?

அம்மா மனு எழுதினார், பதில் இல்லை. தையல் மெஷினைத் தூக்கிவந்து எல்லைக்கல் நட்ட இடத்தில் போட்டு உட்கார்ந்தார். பத்தொன்பது நாள்! வெயிலிலும் தைத்தார், தூறலிலும் தைத்தார். இருபதாம் நாள் மண் தள்ளும் வண்டி வந்தது.

"ஏத்துய்யா! தானா எந்திரிச்சு ஓடும்!" என்று கத்தினார் மேற்பார்வையாளர்.

ஓட்டுநர் வண்டியை அணைத்தார், இறங்கினார், சாவியை நீட்டினார். "நீங்களே ஏத்துங்க சார். எனக்கும் அக்கா இருக்கு."

அந்தச் சாவியை யார் தொட்டார்கள்? யாரும் தொடவில்லை! அம்மாவிடம் பிறகு கேட்டேன். "பயமில்லாமலா? ஊசி நாலு தடவ விரல்ல ஏறிடுச்சு" என்றார். அன்று பதினொரு வீடும் வந்து அவரோடு அமர்ந்தது. கோடு தெற்கே போனது. சூளை நகர்ந்தது. ஓட்டுநருக்கு வேலை போனது.

திறப்புவிழாக் கல்லில் நாற்பது பெயர்கள். இந்த இருவர் பெயரும் இல்லை. இடமில்லையாம்! மைத்துனர் பெயர் மட்டும் இரண்டு முறை இருக்கிறது.

கல் கிடக்கட்டும். நான் இரண்டு பால் வண்டி வைத்திருப்பவன். நாளைக் காலை இந்தச் சாலையில் முதலில் போகப்போவது என் வண்டி. ஓட்டப்போவது வேலை போன அந்தத் தம்பி! எழுந்து நில்லப்பா, ஊர் பார்க்கட்டும்!

தட்டுங்கள் கையை, அவருக்கும் அந்த அம்மாவுக்கும்! மிச்சமிருந்தால் மேடைக்கும் கொஞ்சம். வருகிறேன், வணக்கம்.