ஏழு கைப்பிசகுகள்

விசாரணை அறையில் இருந்தவர்கள்: எங்கள் நிறுவனத்தின் இயக்குநர் ஸ்ரீகண்டன், வெளியிலிருந்து அழைக்கப்பட்ட வக்கீல் பியாட்ரிஸ், யசோதா மேடம், குறிப்பெடுக்க லாயிட், பிறகு நோயல் என்கிற நான். ஏ.சி.யைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்டதும் நான்தான். எனக்குக் குளிர் ஒத்துக்கொள்வதில்லை.

கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். லாயிட் சுருக்கி எழுதுகிறவன். அதனால் முழுவதையும் இங்கே எழுதித் தருகிறேன்.

யசோதா மேடத்திடம் ஆறு வருடம் ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். என் கட்டுரை தயாரானபோது, "மூணு தடவை திருப்பிச் செய் நோயல், அதே ரிசல்ட் வந்தா அனுப்பலாம்" என்றார். இரண்டாவது தடவை செய்துகொண்டிருக்கும்போதே கொரியாவில் ஒருவர் அதையே வெளியிட்டுவிட்டார். படிப்பை விட்டேன். மேடம் மனம் கஷ்டப்பட்டு, அதே கட்டடத்தின் எலிக்கூடத்தில் எனக்கு டெக்னீசியன் வேலை வாங்கித் தந்தார். சேர்ந்த அன்று மைசூர்பாகு கொடுத்தார். அதைச் சாப்பிட்டேன்.

எலிக்கு இரவில்தான் சுறுசுறுப்பு. அதனால் கூடத்தில் நேரத்தைத் தலைகீழாக மாற்றி, பகல் முழுக்க மங்கலான சிவப்பு விளக்கு போட்டிருப்போம். அந்த வெளிச்சத்தில்தான் என் வேலை. வளைந்த ஊசியை வாய்வழியாக விட்டு, மருந்தை இரைப்பையில் இறக்க வேண்டும். ஊசி தவறி மூச்சுக்குழாயில் போனால் எலி செத்துவிடும். அப்படிச் செத்தால் பதிவேட்டில் 'கைப்பிசகு' என்று எழுதிவிட்டு, வேறு எலியை வைப்போம். செத்தது முடிவுக் கணக்கில் சேராது. தப்பு மருந்தினுடையது அல்ல, கையினுடையது என்பதால் அப்படி ஒரு வழக்கம். நியாயமான வழக்கம்தான்.

மேடம் கண்டுபிடித்த மருந்து, தழும்பேறிய கல்லீரலைச் சரிசெய்வதற்கானது. கல்லீரலைக் கெடுத்துவைத்து, அதிக அளவு கொடுத்த எலிகளில் ஒன்று ஒன்பதாம் நாள் செத்தது. கைப்பிசகு என்றுதான் நானும் நினைத்தேன். அறுத்துப் பார்த்தால் நுரையீரல் சுத்தமாக இருந்தது. கல்லீரலோ டீயில் ஊறின பன் மாதிரி, தொட்டதும் உதிர்ந்தது. அதை ஃபார்மலின் பாட்டிலில் போட்டு, தேதி ஒட்டி, அலமாரியின் பின்வரிசையில் வைத்தேன். பதிவேட்டில் கைப்பிசகு என்று எழுதினேன்.

மேடம் சோதனையை மூன்று தடவை செய்தார். அவர் அப்படித்தான். மூன்று தடவையும் ஊசி போட்டது என் கை. மொத்தம் ஏழு எலிகள் அப்படிச் செத்தன; பின்வரிசையில் ஏழு பாட்டில்கள்.

"என்னப்பா நோயல், உன் கைக்கு என்னாச்சு? இந்தக் கட்டடத்துலயே உன் கைதானே பெஸ்ட்டு" என்றார் மேடம்.

"சரியா தூக்கமில்ல மேடம்."

"ரெண்டு நாள் லீவு போடு. எலி எங்க ஓடிடப் போவுது?"

என்மேல் அவருக்குச் சந்தேகம் வரவே இல்லை. என் முடிவை நம்பாதவர், என் தவறை உடனே நம்பினார். அதை நான் குறித்துக்கொண்டேன்.

கட்டுரை பெரிய இதழில் வந்தது. கடைசியில், எலிகளைப் பராமரித்ததற்காக எனக்கு நன்றி சொல்லி ஒரு வரி இருந்தது. மற்ற ஆய்வாளர்கள் அந்தக் கட்டுரையை எத்தனை முறை மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதை இணையத்தில் எண்ணிக் காட்டுவார்கள். நான் குடியிருக்கும் அத்திபெலேயிலிருந்து பஸ்ஸில் வேலைக்கு வரும்போது தினமும் பார்ப்பேன். முதல் வருடம் அறுபது. மூன்றாம் வருடம் முந்நூறைத் தாண்டியது. நூறு பேர் நம்பியது பொய் என்று தெரிந்தால் சின்னத் திருத்தக் குறிப்போடு போய்விடும். ஐந்நூறு பேர் நம்பியதென்றால், எழுதியவரின் பெயர் மிஞ்சாது. ஐந்நூறு வரட்டும் என்று இருந்தேன். எனக்குப் பொறுமை கற்றுக்கொடுத்தவர் அவர்தானே.

ஒரு மருந்துக் கம்பெனி மேடத்தின் மருந்தை வாங்கி, ஆரோக்கியமான நாய்களுக்கும் ஆரோக்கியமான ஆட்களுக்கும் கொடுத்துப் பார்த்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கெட்டுப்போன கல்லீரலில்தான் அது விஷம். அந்தச் செய்தி என் அலமாரியில் இருந்தது. அடுத்து நோயாளிகள்.

எலிக்கூடத்தில் கூண்டு கழுவும் முத்தம்மா அக்காவின் கணவர் கோவிந்தப்பாவையும் அந்தச் சோதனையில் சேர்த்தார்கள். பீன்யா தொழிற்பேட்டையில் பெயின்ட் அடிக்கும் வேலை செய்தவர். பத்தொன்பதாம் நாள் இறந்தார். வந்த நோயே கல்லீரல்தானே என்று ஆஸ்பத்திரியில் எழுதிவிட்டார்கள். அப்போது மேற்கோள் எண்ணிக்கை நானூற்றுத் தொண்ணூற்றாறு. ஒன்பது நாள் கழித்து ஐந்நூறானதும், ஏழு பாட்டில்களையும் பையில் போட்டு ஸ்ரீகண்டன் சாரின் மேசைமேல் வைத்தேன். மருந்து அன்றே நின்றது. மீதிப் பதினொரு பேர் உயிரோடு இருக்கிறார்கள். அதற்காக யாரும் எனக்கு நன்றி சொல்லவில்லை.

விசாரணை அறையில் மேடம் ஒவ்வொரு பாட்டிலின் தேதியையும் படித்தார். பிறகு, "மொத எலியிலயே சொல்லியிருந்தா, நானே நிறுத்தியிருப்பேனேப்பா" என்றார். நிறுத்தியிருப்பார். அது எனக்கு அன்றே தெரியும்.

கோவிந்தப்பா சேர்ந்த அன்று நான் எங்கே இருந்தேன் என்று வக்கீல் கேட்டார். அங்கேதான் இருந்தேன். அவருக்கும் அக்காவுக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. அப்படிப்பட்டவர்களின் சம்மதப் பத்திரத்தில் ஒரு சாட்சி கூட இருந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. அக்கா என்னைத்தான் கூப்பிட்டார்.

பத்திரத்தைத் தமிழில் நிதானமாகப் படித்துக் காட்டினேன். 'விலங்குகளில் கல்லீரல் பாதிப்பு எதுவும் காணப்படவில்லை' என்ற வரியை, புரியட்டும் என்று இரண்டு முறை படித்தேன்.

"நீதானே தம்பி எலிக்கெல்லாம் குடுத்தே? நல்ல மருந்தா?" என்று அக்கா கேட்டார்.

"எலிக்கு நல்லா கேட்டுதுக்கா."

"அப்ப எனக்கும் அந்த எலி பிஸ்கட்டையே போடுவாங்களா குரு?" என்று கோவிந்தப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். கண் மஞ்சளாக இருந்தது.

"சும்னே இருய்யா, நர்ஸம்மா பாக்குது" என்று அக்கா அவர் தோளில் தட்டினார்.

அவர் கட்டைவிரலை வைத்தார். பக்கத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. பிழைக்க வேண்டும் என்றுதான் அன்று மனதார ஜெபித்தேன். அவர் பிழைத்திருந்தால் நான் அவசரப்பட வேண்டியிருந்திருக்காது. எழுநூறு வரைகூட விட்டிருக்கலாம்.

சோதனை முடியும்வரை நோயாளிகள் வெளியே போகக் கூடாது. அவர் செருப்பைக் கழற்றி அக்காவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். திரும்பிப் பார்த்து, என்னைப் பார்த்துத்தான், கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். நர்ஸ் கதவைச் சாத்தி, அவருக்குப் பின்னால் பூட்டினாள்.